பெரிய பிள்ளையான பிறகு: எமது வயல் ஊர்களின் பெண் பிள்ளைகள்



எமது ஊர்களின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் நாம் வழமையாக எழுதுவது பள்ளிவாசல் கட்டிய வருடம், முதலாவது பாடசாலை, முதலாவது டாக்டர், பெயர்பெற்ற போடிமார். வயலைப் பற்றி எழுதினால் குளம், வாய்க்கால், ஏக்கர் கணக்கு. அந்த வயலை நம்பிச் சீவித்த ஓர் ஏழைக் குடும்பத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை 'பெரிய பிள்ளை' ஆன நாளை யாரும் வரலாறாக எழுதுவதில்லை. அது வீட்டுக்குள் முடிகிற விடயம், பொம்பிளைகளின் கதை என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால் எமது உம்மாமாரிலும் மூத்தம்மாமாரிலும் யார் எழுத வாசிக்கத் தெரிந்தவர், யார் கைநாட்டு வைத்தவர், யார் பதினான்கு வயதில் மணமுடித்தவர், யார் வெளிநாட்டுக்குப் போனவர் என்பதைப் பெருமளவில் தீர்மானித்தது அந்த ஒரு நாளும் அதற்குப் பின் வந்த சில மாதங்களும்தான். ஆகவே அதைப் பற்றியே இன்று எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் மூத்தம்மா இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். விடுபட்டதை அவர் சொல்லித் தருவார்.

முதலில் வயலைப் பார்ப்போம்.

கல்முனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கரையோரம் நெடுக எமது ஊர்கள். வீடுகள் கடற்பக்கம் நெருக்கமாக இருக்கும். வயல் மேற்கே விரிந்து கிடக்கும். சம்மாந்துறை போன்ற ஊர்களுக்கு வயல்தான் வாசல். இந்த வயல்களில் ஒரு ஒழுங்கு இருந்தது. காணிக்குச் சொந்தக்காரர் போடியார். அவருக்காக வேளாண்மையைப் பொறுப்பெடுத்துச் செய்து, சூடடித்த பிறகு நெல்லாகக் கூலி பெறுபவர் முல்லைக்காரர். அதற்கும் கீழே நாட்கூலிக்கு வரம்பு கட்டுபவர், களை பிடுங்குபவர், அருவி வெட்டுபவர். சாப்பாட்டு நெல்லும், சீலை துணியும், வைத்தியச் செலவும் கடனாக வரும். அறுவடை முடிந்ததும் களவெட்டியிலேயே கடன் அளந்து எடுக்கப்படும். மிஞ்சியதுதான் வீட்டுக்கு வரும். மிஞ்சாத வருடங்களும் உண்டு.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் பெரிய அணை கட்டப்பட்டு சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. மழையை மட்டும் பார்த்திருந்த பல வட்டைகளில் பெரும்போகத்தோடு சிறுபோகமும் விளையத் தொடங்கியது. 1958இல் நெற்காணிச் சட்டம் வந்தது. குத்தகைக்குச் செய்தவனை நினைத்த நேரம் காணியிலிருந்து எழுப்ப முடியாது என்பது அதன் நோக்கம். இரண்டும் பெரிய மாற்றங்கள். ஆனால் காணியே இல்லாதவனுக்கு இரண்டு போகமும் கூலிதான். அந்தக் கூலிக்காரனின் மகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

அவள் சின்ன வயதிலிருந்தே வேலை செய்தாள். வாப்பாவுக்குச் சோறு கொண்டு போவாள். அருவி வெட்டி முடிந்த வயலில் உதிர்ந்த கதிர் பொறுக்குவாள். தம்பி தங்கையை இடுப்பில் வைத்துத் திரிவாள். உம்மா நெல் அவித்துக் குற்றி அரிசி விற்றால் இவள் புடைப்பாள். பன் வெட்டிக் காயவைத்துப் பாய் இழைக்கப் பழகுவாள். காலையில் ஓதப் பள்ளிக்குப் போவாள். பக்கத்தில் பாடசாலை இருந்தால் அங்கும் போவாள், வேலை இல்லாத நாட்களில். எமது பழைய பாடசாலைகளின் சேர்விடாப்புகளைப் புரட்டிய ஆசிரியர்களுக்கு இது தெரியும். கீழ்வகுப்பில் பெண் பெயர்கள் வரிசையாக இருக்கும். மேல் வகுப்புக்குப் போகப் போக ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

பிறகு அந்த நாள் வரும்.

அதைப் பற்றி யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். முதிய பெண்களிடம் கேட்டால் பலரும் சொல்வது ஒன்றைத்தான்: பயம். கதிர் பொறுக்கப் போன இடத்தில் இரத்தத்தைக் கண்டு, அட்டை கடித்துவிட்டது என்று நினைத்துக் காலெல்லாம் தேடினேன் என்று ஒரு மூத்தம்மா எங்களிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது சிரித்தார். அன்று சிரிக்கவில்லை என்றும் சொன்னார். எதையோ உடைத்துவிட்டோம், உம்மா அடிப்பார் என்று இரண்டு நாள் மறைத்து வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

உம்மாவுக்குத் தெரிந்ததும் வீடு அமைதியாகிவிடும். மாமிமாரும் மூத்தம்மாவும் வருவார்கள். பிள்ளையை ஒரு மூலையில் மறைப்புக் கட்டி இருத்துவார்கள். தலைக்குத் தண்ணீர் வார்ப்பார்கள். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுந்தங்களி கொடுப்பார்கள். வசதியான வீட்டில் விருந்தும் நடக்கும். கூலிக்காரன் வீட்டில் அந்த முட்டையும் கடன்தான். பல பெண்களுக்கு வாழ்க்கையில் தமக்கென்று தனியாகச் சமைத்துக் கொடுத்த முதலாவது கிழமை அதுதான். பிள்ளைப்பேறு வரும்வரை அப்படி இன்னொரு கிழமை வரவில்லை. ஒரே கிழமையில் அவ்வளவு கவனிப்பும் அவ்வளவு கட்டுப்பாடும் சேர்ந்து வந்ததால், சந்தோசப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை என்று சொல்பவர்கள் உண்டு.

மறைப்பைக் கழற்றிய பிறகு அவளுக்குக் கடப்புத் தாண்ட முடியாது. நேற்று வரை விளையாடிய மச்சான்மாரோடு பேச முடியாது. களவெட்டிக்குப் பெண்கள் போவதில்லை என்ற வழக்கம் பல ஊர்களில் இருந்தது. இப்போது அவளும் 'பெண்' ஆகிவிட்டாள். வாப்பாவுக்குச் சோறு கொண்டு போவது தம்பியின் வேலையாகிவிடும். பாடசாலையும் அன்றோடு சரி.

உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அன்று இரவு வந்த யோசனை வேறு. வீடு.

கிழக்கில் எமது வழக்கம் எல்லோருக்கும் தெரியும். மணமுடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே மகளுக்கு ஒரு வீடு வேண்டும். இருக்கும் வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கம் கொட்டில் போட்டு ஒதுங்கிய பெற்றோர் எத்தனை பேர்! இந்த வழக்கத்தில் ஒரு நல்ல பக்கம் இருக்கிறது. வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். மணம் முறிந்தாலும் அவள் தெருவுக்கு வரமாட்டாள். பக்கத்தில் உம்மா இருப்பார். நாட்டின் வேறு பல பகுதிப் பெண்களுக்கு இல்லாத பாதுகாப்பு இது. ஆனால் நாட்கூலிக்காரனுக்கு மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. மகள் பெரிய பிள்ளையானதும் அந்தக் கணக்குத் தொடங்கிவிடும். அவள் இழைக்கும் பாய், அவள் வளர்க்கும் ஆடு, அவள் பார்க்கும் வீட்டு வேலையால் உம்மா வெளியே போய்ச் சம்பாதிக்கக்கூடிய கூலி, எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். புத்தகம் மட்டும் சேராது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "மார்க்கம்தான் பெண் பிள்ளையை நிறுத்தியது" என்று வெளியில் சிலர் சொல்கிறார்கள். "மார்க்கத்துக்காகத்தான் நிறுத்தினோம்" என்று எமக்குள்ளும் சிலர் சொல்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் இரண்டும் நிற்காது.

பருவமடைந்த பிள்ளைக்குத் தொழுகையும் நோன்பும் கடமையாகின்றன. அதாவது மார்க்கம் அவளைப் பொறுப்புள்ள ஓர் ஆளாக எடுத்துக்கொள்கிறது. அதேநேரம், அநாதைகளின் சொத்தை அவர்களிடம் ஒப்படைப்பதைப் பற்றிச் சொல்லும் சூரத்துன் நிஸாவின் ஆறாவது வசனத்தில், மண வயதை அடைவதோடு விவேகமும் தென்பட வேண்டும் என்ற கருத்து வருகிறது. அந்த விவேகத்தைத்தான் 'ருஷ்து' என்று ஓதிய பிள்ளைகள் படித்திருப்பார்கள். உடல் வளர்வதும் விவேகம் வருவதும் இரண்டு வேறு விடயங்கள் என்று எமது மத்ரஸாக்களிலேயே கற்பிக்கப்படுகிறது. ஊர் வழக்கத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கடமைகள் எல்லாம் அந்தக் கிழமையிலேயே அவளிடம் வந்தன. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கும் பழக்கம் மட்டும் வரவில்லை.

இன்னும், எமது பெண்கள் எழுத்தே தெரியாதவர்களாக இருந்ததும் இல்லை. ஓதப் பள்ளியில் அரபு எழுத்துப் படித்தவர்கள் அந்த எழுத்திலேயே தமிழை எழுதிய அரபுத் தமிழ்க் கிதாபுகளை வாசித்தார்கள். சித்திலெப்பை (1838–1898) 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து, நவீன கல்வி வேண்டும் என்று வாதாடினார். கண்டியில் பெண் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடமும் தொடங்கினார். அவர் மார்க்கத்தை விட்டுவிட்டு அதைச் செய்யவில்லை. மார்க்க அறிவோடுதான் செய்தார்.

அப்படியானால் வயல் ஊர்களில் பாடசாலையை நிறுத்தியது எது? முதிய பெண்களிடம் கேளுங்கள். ஒரே காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். பாடசாலை தூரம். மேல் வகுப்பில் எல்லோரும் ஆண் ஆசிரியர்கள். பாடசாலையில் கக்கூஸ் இல்லை, தண்ணீர் இல்லை. மாதத்தில் அந்த நாட்களுக்குப் பழந்துணிதான், அதைக் கழுவவோ மாற்றவோ இடமில்லை. போட ஒரே சட்டை. வீட்டில் சின்னப் பிள்ளைகள். இவற்றில் எத்தனை மார்க்கம்? எத்தனை வறுமை?

இதற்கு ஆதாரம் என்னவென்றால், இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக நீங்கியபோது பிள்ளைகள் பாடசாலையில் நின்றார்கள்.

1942இல், யுத்தகாலத்தில், உணவு உற்பத்தியைக் கூட்டுவதற்காக உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார் ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம் அவர். நெல்லைப் பெருக்க வந்தவர் எமது பிள்ளைகளின் படிப்பு இருந்த நிலையையும் கண்டார். 1945இல் முஸ்லிம் மாணவர்களுக்கான கல்விச் சகாய நிதியைத் தொடங்குவதில் அவர் முன்னின்றதற்கு இந்த வயல் ஊர்களில் கண்டதும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. அதே 1945இல்தான் சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. அடுத்த வருடம் சேர் ராசிக் பரீத் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரியைத் தொடங்கினார்.

இவையெல்லாம் பெரிய காரியங்கள். ஆனாலும் கொழும்பில் கல்லூரி வந்ததும் எமது கூலிக்காரன் மகள் படித்துவிடவில்லை. அவளுக்குக் கதவைத் திறந்தது கொஞ்சம் பிந்தி வந்த ஒரு மாற்றம். ஆசிரியர் கலாசாலைகளில் பயின்ற முஸ்லிம் பெண்கள் ஊர்ப் பாடசாலைகளுக்கு ஆசிரியைகளாக வந்தார்கள். கலாநிதி பதியுதீன் மஹ்மூத் 1960களின் தொடக்கத்திலும், 1970 முதல் 1977 வரையிலும் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் எமது பகுதியில் ஆசிரியர் நியமனங்களும் பாடசாலைகளும் பெருகின. கல்முனையில் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் மகளிர் கல்லூரியை எல்லோரும் அறிவோம். தன் ஊர்க்காரி, தன்னைப்போல் முக்காடு போட்டவள், சைக்கிளிலோ நடந்தோ பாடசாலைக்குப் போய்ச் சம்பளம் எடுக்கிறாள் என்பதை ஒரு தாய் தன் கடப்படியில் நின்று பார்த்தாள். எந்தப் பிரசாரமும் செய்யாத வேலையை அந்தக் காட்சி செய்தது.

1980இல் இலவசப் பாடநூல் வந்தது. 1993இல் இலவசச் சீருடைத் துணி வந்தது. "போட ஒரே சட்டை" என்ற காரணம் அத்தோடு பாதி போனது. 1995இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி மறுவருடம் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. அங்கே இன்று படிக்கும் பெண் பிள்ளைகளில் எத்தனையோ பேரின் மூத்தம்மாமார் கைநாட்டு வைத்தவர்கள். அறுபது, எழுபது வருடத்தில் நடந்த மாற்றம் இது. மார்க்கம் மாறவில்லை. பாடசாலை கிட்ட வந்தது, ஆசிரியை வந்தார், துணி வந்தது.

இத்தோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் மிகவும் ஏழையான வீட்டுப் பிள்ளைக்குக் கதை இன்னொரு பக்கம் திரும்பியது.

1970களின் இறுதியில் வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. வயல் கூலியால் கட்ட முடியாத வீட்டை ரியாலாலும் தினாராலும் கட்டலாம் என்று தெரிந்ததும், உம்மா பணிப்பெண்ணாகப் போனார். மகளுக்கு வீடு கட்டத்தான் போனார். போன பிறகு வீட்டில் உம்மாவானவள் அந்த மகள். பன்னிரண்டு வயதில் சோறு சமைத்து, தம்பிக்குத் தலைவாரி, வாப்பாவின் கோபத்தையும் தாங்கி, தன் உடம்பில் நடப்பதைக் கேட்க ஆளில்லாமல் பெரிய பிள்ளையானவர்கள் எமது வகுப்புகளிலேயே படித்திருக்கிறார்கள். பின்னர் 2013இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் போவதற்குக் கட்டுப்பாடு வந்தது. குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். கைக்குழந்தையை யோசித்தார்கள், நல்லது. அந்தக் கைக்குழந்தையை வளர்க்க விடப்பட்ட பன்னிரண்டு வயதுக்காரியை அந்தக் கணக்கில் யாரும் யோசிக்கவில்லை.

சில வீடுகளில் பிள்ளையே போனாள். மூதூர் ஷாபி நகரின் ரிசானா நபீக்கை நாம் மறக்க முடியாது. வாப்பா விறகு வெட்டிப் பிழைத்தவர். பிறப்புச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1988இல். கடவுச்சீட்டில் 1982 என்று இருந்தது. 2005 மே மாதம், பதினேழு வயதில் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகப் போனார். அங்கு அவரது பொறுப்பில் விடப்பட்ட கைக்குழந்தை அந்த மாதமே இறந்தது. வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 2013 ஜனவரி 9இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அன்று எமது ஊர்களில் அழாத வீடு இல்லை. அந்தக் கடவுச்சீட்டை ஒரு வரலாற்று ஆவணமாக எடுத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் வறுமைக்கு ஒரு பிள்ளை ஆறு வயது கூடியவளாகத் தேவைப்பட்டாள். தாளில் அப்படியே எழுதப்பட்டது.

மண வயதிலும் இதுவே நடந்தது. 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயது ஒன்றை விதிக்கவில்லை. பன்னிரண்டுக்குக் குறைந்தவளுக்கு மட்டும் காதியின் அனுமதி வேண்டும் என்றது. 1995இல் நாட்டின் பொதுச் சட்டத்தில் மண வயது பதினெட்டாக்கப்பட்டபோது அது எமது சட்டத்தைத் தொடவில்லை. அந்தச் சட்டத்தின்படி விவாகப் பதிவில் மாப்பிள்ளையும் பெண்ணின் வலியும் கையொப்பமிடுவார்கள். பெண் கையொப்பமிட வேண்டியதில்லை. கைநாட்டு வைத்த மூத்தம்மாவுக்கும் பட்டம் பெற்ற பேத்திக்கும் அந்தத் தாளில் ஒரே நிலைதான். 2009இல் சட்டத் திருத்தத்துக்கென்று நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு அறிக்கையைக் கொடுக்க 2018 ஆனது. 2009இல் ஒன்பது வயதாக இருந்த ஒரு பிள்ளை, அறிக்கை வரும்போது பதினெட்டைத் தொட்டுவிட்டாள். இந்த விடயத்தில் எமக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்பது தெரியும். ஒன்றை மட்டும் கேட்கிறோம். வசதியான வீட்டுப் பெண் பிள்ளையை யாரும் பதினைந்து வயதில் மணமுடித்துக் கொடுப்பதில்லை. அவள் உயர்தரம் படிக்கிறாள். அப்படியானால் சட்டத்தின் அந்த இடைவெளி யார் வீட்டுப் பிள்ளைக்காகத் திறந்திருந்தது?

யுத்தமும் கடலும் இதற்குள் வந்தன. 1990இல் தொடங்கிப் பல வருடங்கள் எமது விவசாயிகள் பலருக்குத் தம் வயலுக்குப் போய்வருவதே உயிர்ப் பயமாக இருந்தது. விதைக்காத வயலுக்கும் கடன் நின்றது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. உயிரிழப்பில் நாட்டிலேயே முதலிடம் எமது அம்பாறை மாவட்டத்துக்கு. முகாம்களில், தறப்பாள் கூடாரங்களில், ஆணும் பெண்ணும் வரிசையில் நிற்கும் மலசலகூடங்களுக்கு முன்னால் பெரிய பிள்ளையானவர்கள் இன்று முப்பதுகளின் நடுவில் இருக்கிறார்கள். நிவாரணப் பட்டியலில் அரிசி, பருப்பு, மா எல்லாம் எழுதினோம். பிள்ளைகளுக்குத் தேவையான அந்தத் துணியை எழுதக் கூச்சப்பட்டவர்கள் இருந்தார்கள்.

அந்தக் கூச்சம் அரசாங்கத்துக்கும் இருந்தது. இந்நாட்டில் சுகாதாரத் துவாய்க்கான இறக்குமதி வரிகள் எல்லாம் சேர்ந்து 2018 வரை நூறு சதவீதத்தைத் தாண்டியிருந்தன. பொருளின் விலையை விட வரி கூட. அதற்குப் பிறகு குறைக்கப்பட்டது. 2024இல் பாடசாலை மாணவிகளுக்கு அதற்கென்று 1200 ரூபா வவுச்சர் கொடுக்கும் திட்டம் வந்தது. எமது மூத்தம்மாமார் காலத்தில் வெளியில் சொல்லவே முடியாத ஒன்று அரச சுற்றறிக்கையில் வந்திருக்கிறது. இதுவும் வரலாறுதான்.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறோம்?

2021இல் இரசாயனப் பசளை தடை செய்யப்பட்டபோது அந்தப் பெரும்போகம் எப்படி விழுந்தது என்று நாம் கண்ணால் பார்த்தோம். 2022இன் நெருக்கடி அதன் மேல் வந்தது. அருவி வெட்டும் கூலியை ஏற்கெனவே இயந்திரம் எடுத்துவிட்டது. வயலை நம்பிய குடும்பங்கள் பலவற்றில் உம்மா மறுபடி கடவுச்சீட்டு எடுத்தார். வகுப்பில் சில கதிரைகள் வெறுமையாகின. சட்டப்படி 2016 முதல் பதினாறு வயது வரை பிள்ளை பாடசாலைக்குப் போக வேண்டும். ஆனாலும் தரம் எட்டிலும் ஒன்பதிலும் ஒரு பிள்ளை மாதத்தில் மூன்று நாள் வராமல், பிறகு ஒரு கிழமை வராமல், பிறகு வராமலேயே போவதை ஆசிரியர்கள் நாம் அறிவோம். கேட்டால் "சுகமில்லை சேர்" என்பார்கள். மூத்தம்மா காலத்தில் சொல்லப்பட்ட அதே பதில்.

வரலாறு எமக்குச் சொல்லித் தருவது ஒன்று இருக்கிறது. எமது ஏழை விவசாயக் குடும்பங்கள் பெண் பிள்ளையை வெறுத்து நிறுத்தவில்லை. வீடு கட்ட, கடன் தீர்க்க, தம்பி தங்கையைப் பார்க்க, குடும்பத்துக்கு அவள் அவசரமாகப் பெரியவளாகத் தேவைப்பட்டாள். அவளுடைய வயதை அவளுக்காக விட்டுவைக்க அவர்களிடம் வசதி இருக்கவில்லை. அந்தச் சுமையில் ஒரு பகுதியை ஊர் எடுத்தபோதெல்லாம், ஒரு ஆசிரியையாக, ஒரு சட்டைத் துணியாக, கிட்ட ஒரு பாடசாலையாக எடுத்தபோதெல்லாம், அவள் படித்தாள்.

ஆகவே ஊரிடம் சில கோரிக்கைகள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களே, வரவேற்பு வளைவுக்கு முன்னர் மாணவிகளின் மலசலகூடத்துக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களே, ஸகாத் பட்டியலில் வீடு திருத்தவும் தொழில் தொடங்கவும் கொடுக்கிறீர்கள். உம்மா வெளிநாட்டில் இருக்கும் வீட்டில், வறுமையோடு படிக்கும் பெண் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் பெயரையும் பாருங்கள்.

உம்மாமாரே, ராத்தாமாரே, பத்து வயதிலேயே பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். இது நோயல்ல, குற்றமல்ல, பயப்பட ஒன்றுமில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். காலில் அட்டை தேடும் நிலை இன்னொரு பிள்ளைக்கு வேண்டாம்.

வாப்பாமாரே, அந்தக் கிழமைக்குப் பிறகு பிள்ளையைப் பாடசாலை வாசல் வரை ஒரு நாள் நீங்களே கூட்டிக்கொண்டு வந்து விடுங்கள். வயலுக்குப் போகும் வழியில்தானே பாடசாலை. வாப்பா கொண்டுவந்து விட்ட பிள்ளையை ஊர் ஒன்றும் சொல்லாது.

உங்கள் மூத்தம்மா எந்த வகுப்போடு நின்றார், ஏன் நின்றார் என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊரும் வருடமும் போதும். எமது ஊர் வரலாற்றில் இதுவரை எழுதப்படாத பக்கத்தை அப்படித்தான் நாம் எழுத முடியும்.

படிக்க ஆசைப்பட்டும் படிக்க முடியாமல் போன எமது உம்மாமாருக்கும் மூத்தம்மாமாருக்கும் வல்ல அல்லாஹ் நிறைவான கூலியைக் கொடுப்பானாக. இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அவர்களது படிப்பு முடியும் வரை வகுப்பிலேயே வைத்திருக்க எமக்குத் தௌபீக் செய்வானாக. ஆமீன்.